அம்மன் வந்ததாக நான் சொன்ன பின்னேரம்

மதுரனுக்குத் தெய்வம் வந்துவிட்டதாக மைக்கில் அறிவித்தவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் அதைச் சொல்லவில்லை. ஏறாவூரில் பள்ளிவாசலுக்குப் பின்வீட்டில் பிறந்து வளர்ந்த றிஸான் என்கிற நான், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு கண்ணகை அம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் திடலில், நானூறு சனத்துக்கு முன்னால், "அம்மாமாரே, ஐயாமாரே, தம்பிக்கு அம்மன் வந்திரிக்கா, கொஞ்சம் இடம் விடுங்க" என்று சொன்னேன். உம்மா மட்டும் அந்த இடத்தில் நின்றிருந்தால், வைத்தியசாலைக்கு இரண்டு பேரைக் கொண்டுபோக வேண்டி வந்திருக்கும்.

ஏன் சொன்னாய் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். பயத்தில் சொன்னேன். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கால் ஓடும். எனக்கு வாய் ஓடும். அந்த வாயை நம்பித்தான் எங்கள் குழுவில் அறிவிப்பு வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

குழுவின் பெயர் 'கறுத்த இறால்'. நாங்கள் மூன்று பேர். கிற்றாரும் பாட்டும் தேற்றாத்தீவு மதுரன், பேஸ் கிற்றார் காத்தான்குடி அக்ரம், ட்ரம்ஸும் தேவையில்லாத பேச்சும் நான். போஸ்டரில் ரொக் குழு என்றுதான் போடுவோம். மட்டக்களப்பில் ரொக் கேட்கிறவர்கள் எல்லோரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றிவிடலாம் என்பதால், கலியாண வீடு, திருவிழா, விளையாட்டுக் கழகத்து ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ச் சினிமாப் பாட்டு அடிப்போம். கடைசியில் எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை நைசாக நுழைப்போம். அந்த நேரம் பார்த்து வயதானவர்கள் எழும்பிப் போவார்கள், நாய்கள் வரும்.

அன்றைக்கு அந்தக் கோயிலின் வருடாந்தச் சடங்கின் கடைசி நாட்களில் ஒன்று. கோயில் வேலைகள் பொழுதுபட்டுத்தான் தொடங்கும், ஆறு மணிக்கு முன்னம் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி, அந்த ஊர் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் எங்களை மூன்று மணிக்கே மேடையில் ஏற்றிவிட்டார்கள். வைகாசி வெயில். மேலே தகரம். ட்ரம்ஸின் இரும்பில் கை பட்டால் சுட்டது.

மதுரன் மூன்று நாளாக நித்திரை கொண்டிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். நாங்கள் வந்த வானுக்குள் இருந்து திரும்பவும் அடித்தான். அதுவும் தெரியும். நானும் கூட இருந்து கொஞ்சம் அடித்தேன். 'கொஞ்சம்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியவன் நான்.

ஐஸைத்தான் சொல்கிறேன், கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கிற அந்தப் போதைப்பொருளை. போன வருடம் கொழும்பில் ஒரு போட்டிக்குப் போனோம். மேடைக்குப் பின்னால் வேறொரு குழுவின் ட்ரம்மர், ரொக் அடிக்கிறவர்கள் நித்திரை கொள்ளக்கூடாது என்று சொல்லி நீட்டினான். முதலில் கை நீட்டி வாங்கியது நான். பகிடிக்குத்தான் வாங்கினேன். மதுரனிடம் கொடுத்து, இதை அடித்தால் நித்திரை வராதாம், நீ அந்தப் பாட்டை எழுதி முடித்துவிடலாம் என்றேன். அவன் முடித்தும் விட்டான். நல்ல பாட்டு என்பதுதான் வில்லங்கம். அது மட்டும் மோசமான பாட்டாக இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் இன்றைக்குப் போன் கடையில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

அதற்குப் பிறகு அவன் எழுதிய எந்தப் பாட்டும் முடியவில்லை. பழைய நெல் ஆலை ஒன்றின் களஞ்சிய அறையில் பயிற்சி எடுப்போம். ஒரே பாட்டைப் பதினொரு மணித்தியாலம் அடித்த நாள் உண்டு. அக்ரம் இரண்டு தரம் தொழுதுவிட்டு, ஒரு தரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அதே பாட்டில்தான் நின்றோம். மதுரனின் விரல் கிழிந்து கிற்றார்க் கம்பியில் இரத்தம் காய்ந்திருந்தது. அவன் அதை எங்களுக்குக் காட்டிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அக்ரம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஐஸைத் தொடாதவன். எங்களைத் தொடுவதையும் குறைத்துக்கொண்டு வந்தான்.

இதை நிப்பாட்டுவாயா என்று நான் மதுரனிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், எல்லாம் பகிடி மாதிரித்தான். "இந்த ஷோவோட மச்சான்" என்பான். அடுத்த ஷோ ஒன்று எப்போதும் இருக்கும். உண்மையைச் சொன்னால் அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. அவன் நிப்பாட்டினால் நானும் நிப்பாட்ட வேண்டி வருமே.

மேடையில் நாலாவது பாட்டு அம்மன் பாட்டு. கோயில் திடலில் அது இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். நடுவில் அவன் பாடுவதை நிறுத்தினான். கிற்றாரைத் தரையில் போட்டான், அது அம்ப்ளிஃபயரில் ஊளையிட்டது. சட்டையைக் கிழித்தான். தாடை ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் வெள்ளைதான் கூடுதலாகத் தெரிந்தது. வாவிப் பக்கம் கையைக் காட்டி, அவர்கள் வருகிறார்கள், வருகிறார்கள் என்று கத்தினான். அங்கே ஒரு கொக்கு மட்டும் நின்றது.

திடலின் மூலையில் பாதுகாப்புக்கு வந்த இரண்டு பொலிஸ்காரர்கள் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நின்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐஸ் அடிக்கிற கண்ணாடிக் குழாய் என் ட்ரம்ஸ் பையில் இருந்தது. வாய் ஓடியது. சொல்லிவிட்டேன்.

சொன்னதும் பெண்கள் குரவை போட்டார்கள். பொலிஸ்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சடங்கு நடக்கிற ஊரில் தெய்வம் வந்தால் சனம் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயிலுக்குள் இருந்து உடுக்கையோடு ஒருவர் ஓடி வந்தார். வேப்பங்குழை வந்தது, வாளியில் மஞ்சள் தண்ணீர் வந்தது. நான் அடியை நிறுத்தி எழும்பப் பார்த்தேன். உடுக்கைக்காரர் தோளைப் பிடித்து இருத்திவிட்டார்.

"அடிங்க தம்பி. ஆடக்கொள்ள கொட்டுறத நிப்பாட்டினா ஆடுறவனுக்குக் கெடுதி. அவ மலையேறுமட்டும் அடிக்கணும்."

அதனால் அடித்தேன்.

இது பகிடி இல்லை. உடுக்கை ஏற ஏற நானும் ஏற்ற வேண்டியிருந்தது. நான் ஏற்ற ஏற்ற மதுரன் ஏறினான். அவனுடைய கழுத்து நரம்பு துடிப்பது ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. அது என் அடியை விட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. மெதுவாக்கினேன். சனம் திரும்பிப் பார்த்தது. திரும்பவும் ஏற்றினேன். என் சிநேகிதனின் இதயத்தை நானே குச்சியால் அடித்து ஓட்டுகிறேன் என்று தெரிந்துகொண்டே, கால் மணித்தியாலம் தாளம் பிசகாமல் அடித்தேன். வாழ்நாளில் நான் தாளம் பிசகாமல் அடித்த ஒரே நாள் அதுதான்.

சனம் வரிசையில் வந்து வாக்குக் கேட்கத் தொடங்கியது. முதலில் வந்தவர் சின்னத்தங்கம் என்கிற பெண். ஐம்பது வயது இருக்கும். அவருடைய மகன் கட்டாருக்குப் போனவன், எட்டு மாதமாக ஒரு போன்கூட இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் சொல் தாயே என்று கேட்டார். மதுரன் அவருடைய இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வாறாங்க, வாறாங்க" என்றான். சின்னத்தங்கம் அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அப்போதே நான் மைக்கை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

பிறகு கட்டாடியார் வந்தார். இந்தக் கோயிலில் பூசை செய்கிறவர் அவர், சாமித்தம்பி என்று பெயர். கையில் கற்பூரத் தட்டு. மதுரனின் நெற்றியில் திருநீறு பூசப் போனவர் கையை வெடுக்கென்று எடுத்தார், சுட்டதைப் போல. திரும்பவும் தொட்டார், நெஞ்சில், முதுகில். பிறகு மெதுவாக என் பக்கம் வந்து குனிந்தார்.

"இவர் முந்தி ஆடினவரா தம்பி?"

இதுதான் அரங்கேற்றம் ஐயா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆடுறவனுக்கு வேர்க்கும். இவனுக்கு வேர்வை நிண்டிட்டு. என்ன குடுத்தீங்க?"

சோடா என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் மதுரன் விழுந்தான்.

மரம் சாய்ந்ததைப் போல விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது, பிறகு எல்லாம் நின்றுவிட்டது. உடுக்கை ஓய்ந்தது. மலையேறிவிட்டா என்று சனம் கும்பிட்டது. யாரோ அவனுக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டார்கள், களைப்புத் தீரக் கிடக்கட்டும் என்று. அதுவும் வழக்கம்தான். தெய்வம் இறங்கிய ஆளை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள்.

அக்ரம் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மதுரனின் உதடு நீலமாக இருந்தது.

வான் திடலின் அந்தப் பக்கம் நின்றது. நடுவில் நானூறு சனம். மஞ்சள் தண்ணீர் வாங்க நெருக்கிக்கொண்டு மேடைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. வழி விடுங்க என்று அக்ரம் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான். அது என் கையில் இருந்தது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மூலையில் பொலிஸ். பையில் குழாய். முன்னால் எத்தனை போன் படம் எடுக்கின்றன என்று எண்ண முடியவில்லை. சோனகப் பொடியன் ஒருவன் அம்மனை வைத்துப் பகிடி பண்ணினான் என்று பொழுது படுவதற்குள் வாகரையில் இருந்து பொத்துவில் வரை போய்விடும். ஏறாவூரில் வாப்பாவின் கடைக் கண்ணாடிக்கு என்ன நடக்கும் என்றும் நினைத்தேன். இந்த ஊரில் இருந்து நான் எந்த வழியால் வெளியே போவேன் என்றும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மதுரனைப் பற்றிக் கடைசியாகத்தான் நினைத்தேன்.

"இது அம்மன் இல்ல," என்றேன். என் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. "நான் பொய் சொன்னன். இவன் ஐஸ் அடிச்சிரிக்கான். நானும் அடிச்சிரிக்கன். இவன் சாகப் போறான். வழி விடுங்க."

ஐஸ் என்றால் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானூறு பேரில் ஒருவர் பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். தங்கள் வீட்டு அறை ஒன்றின் கதவை நான் மைக்கில் பேர் சொல்லித் திறந்துவிட்டதைப் போல நின்றார்கள்.

கழகத்துப் பொடியன் ஒருவன் மேடையில் ஏறி என் கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியபோது கட்டாடியார் அந்தக் கையைப் பிடித்தார். பொடியனைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஆளைத் தூக்குங்கடா என்று மட்டும் சொன்னார்.

முதலில் வந்து காலைத் தூக்கியவர் சின்னத்தங்கம். தன் மகன் வருவான் என்று நம்பி அழுத கண்ணீர் அப்போதும் காயவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மஞ்சள் தண்ணீர் வாளியோடு எங்களுடன் வானிலும் ஏறிவிட்டார்.

இரண்டு பக்கமும் வயல் வட்டை, நடுவில் கிறவல் ரோட்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் மதுரனின் தலை என் மடியில் துள்ளியது. அக்ரம் வானை ஓட்டிக்கொண்டே யாஸீன் ஓதினான். சின்னத்தங்கம் கண்ணகைத் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே அவன் நெஞ்சிலும் கக்கத்திலும் தண்ணீரை ஊற்றினார். எனக்கு ஒரு துஆவும் வாயில் வரவில்லை. எப்போதும் ஓடுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அவனுடைய மூச்சை எண்ணினேன். எண்ணத் தெரிந்தது எனக்கு அது ஒன்றுதான், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பாலத்தில் ஏறும்போது நாலுக்குப் பிறகு மூச்சு வரவில்லை. வாவி இரண்டு பக்கமும் பளபளவென்று கிடந்தது. தோணியில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். வீசிய வலை தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் மூச்சு வரவில்லை. பிறகு கிளக் என்று ஒரு சத்தத்தோடு வந்தது. ஒன்று என்று திரும்பவும் தொடங்கினேன்.

வைத்தியசாலையில் டொக்டர் மூன்று கேள்வி கேட்டார்: என்ன, எவ்வளவு, எப்போது. மூன்றுக்கும் பகிடி இல்லாமல் பதில் சொன்னேன். சின்னத்தங்கத்தின் வாளியைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றியது நல்லது என்றார். பிழைப்பானா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். தாதியிடம் கேட்டேன். பயப்படாதீங்க தம்பி என்றார், பயப்பட வேண்டியவர்களிடம் மட்டும் பேசுகிற குரலில். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரரிடம் பையை நானே கொடுத்தேன். அவரிடமும் கேட்டேன். விசாரிக்கிறோம் என்றார். அவர் எதை விசாரிப்பதாகச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

மதுரனின் அக்கா சுலோஜனா வந்தார். தாய் போன பிறகு அவனை வளர்த்தவர் அவர்தான். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர், விரலில் பசை காய்ந்து கிடந்தது. எப்போது தொடங்கியது என்று கேட்டார். போன வருடம் கொழும்பில், முதலில் வாங்கிக் கொடுத்தது நான் என்றேன். அவர் விரலில் இருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தார். அவன் கண்ணைத் திறக்கட்டும், பிறகு உன்னோடு பேசுகிறேன் என்றார். என்னை மன்னிப்பீங்களா அக்கா என்று கேட்டதற்கு, போய் முகத்தைக் கழுவு என்றார்.

வீடியோ ஊரெல்லாம் போனது. வாப்பாவின் கடைக் கண்ணாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் கட்டாடியாரும் கழகத்துத் தலைவரும் ஏறாவூருக்கே வந்து வாப்பாவோடு தேநீர் குடித்துவிட்டுப் போனதாக உம்மா சொன்னார். வாப்பா என்னோடு பேசுவதில்லை. சோற்றுக் கோப்பையை என் அறை வாசலில் அவரே கொண்டுவந்து வைக்கிறார், அவ்வளவுதான். நான் அந்த அறையில் வேர்த்துக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் கிடந்தேன். சுவரைப் பிறாண்டினேன். கொஞ்சம் அடிக்கிறவனுக்கே இவ்வளவு என்றால், அவன் எப்படிக் கிடக்கிறானோ என்று நினைக்க நினைக்கப் பயம் கூடியதே ஒழியக் குறையவில்லை. நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி எனக்கு ஒரு திகதியும் கிடைத்திருக்கிறது.

ஆறாம் நாள் மதுரன் கண் திறந்து பேசுகிறான் என்று அக்ரம் போனில் சொன்னான். போனேன். சிறுநீரகம் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். கட்டிலில் ஆள் கிடக்கிற மாதிரியே தெரியவில்லை, சீலையைச் சுருட்டிப் போட்ட மாதிரி இருந்தது. சுலோஜனா எழும்பி, தேநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார்.

பயம் வந்தது. வாய் ஓடியது. அந்த ஊரில் உனக்குத் தனியாக ஒரு கோயில் கட்டப் போகிறார்களாம், என்னைக் கட்டாடியாராகப் போடுவார்களாம், சம்பளம் பேசி முடிந்துவிட்டது என்றேன். வெடித்த உதட்டால் கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே யாரோ வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் வாயை மூடினேன். அவனுடைய மூச்சை எண்ணத் தொடங்கியிருக்கிறேன் என்று எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

"மதுரன்," என்றேன். மச்சான் என்று வரவில்லை. "இத நீ நிப்பாட்டுவியா?"

இந்த ஷோவோடு என்பான் என்று பார்த்தேன். அப்படிச் சொன்னால் நல்லது என்றுகூட ஒரு பக்கம் மனம் கெஞ்சியது. அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"இல்ல," என்றான். "இப்ப இதெல்லாம் கழட்டி விட்டாங்க எண்டா இண்டைக்கே தேடிப் போவன். அக்காட்ட சொல்லு, வீட்ட கூட்டிப் போக வேணாம், எங்கயாவது பூட்டி வைக்கிற இடத்துக்கு அனுப்பச் சொல்லு. அவ கேட்டா நான்தான் சொன்ன எண்டு சொல்லு."

சரி என்றேன்.

"நீ இனி வராத றிஸான். கோவத்தில சொல்லல்ல. இப்ப நீ வாசல்ல வந்து நிண்டாயெல்லா, எனக்கு வாய் ஊறினது."